கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரம்

அந்த மே மாதத்தில் ரொறன்ரோவில் பனி பெய்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் கமலாம்பிகையின் தோளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. அவர் போட்டிருந்த ஜக்கெட் ஒருநாள் நீலமாகவும் இன்னொருநாள் கறுப்பாகவும் ஞாபகத்தில் வருகிறது. எது நடந்தது, எது பிறகு வந்து சேர்ந்துகொண்டது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருடைய மகன் ஜனார்த்தனைக் கேட்டால் அவன் மூன்றாவதாக ஒரு நிறம் சொல்கிறான். கதிரை விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். கதிரை இருந்தது. அது வாசலுக்கு வெளியே இருந்தது.

ஊரில், இலங்கையில், போர் முடியப்போகும் காலம் அது. ஜனார்த்தனுக்கு இருபது வயது. மோர்மன் சபையில் ஊழியப் பயிற்சியில் இருந்தான். மோர்மன் என்றால் என்னவென்று அவர்கள் இருந்த வோபர்ன் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கறுப்பு ரையும் போட்டு, நெஞ்சில் பெயர் குத்திக்கொண்டு, இரண்டு இரண்டு பேராக வந்து கதவு தட்டுகிற பொடியன்கள் என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கதவு தட்டிய இருவரிடம் பதினேழு வயதில் அவன் அகப்பட்டான். செத்துப்போன தகப்பனோடு ஒருநாள் மறுபடி ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அவனுடைய தகப்பன் விநாயகமூர்த்தி அவன் சின்னவனாக இருந்தபோதே மாரடைப்பில் போனவர். ஜனார்த்தன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் என்று தண்ணீரில் முங்கி எழுந்துவிட்டான்.

கமலாம்பிகை கேட்டது ஒரே ஒரு கேள்வி. “உன்ரை அப்பா செத்தும் சைவக்காரன். திரும்ப வந்து எங்களோடை இருக்கச் சம்மதமோ எண்டு அந்த மனிசனை ஆர் கேட்டது?”

ஊழியத்துக்கு என்று பெட்டி கட்டிய அன்று அவர் சொன்னார்: “போ. ஆனா இண்டையிலிருந்து நான் உன்னோடை கதைக்க மாட்டன்.” சொன்னபடியே கதைக்கவில்லை. அவர் கோபத்தைக்கூட ஒழுங்காகப் பராமரிக்கிற பெண்.

அவனை இந்தியாவுக்கு அனுப்பத்தான் சபை தீர்மானித்திருந்தது. அமெரிக்காவில் சில வாரங்கள் வகுப்பு முடிந்தும் விசா வரவில்லை. வரும்வரை வேறோர் ஊரில் பயிற்சி எடுக்கட்டும் என்று ஊர் குறித்து அனுப்பினார்கள். ஊர் ரொறன்ரோ. ரொறன்ரோவில் ஸ்காபரோ. ஸ்காபரோவில் வோபர்ன். அவன் பள்ளிக்கூடம் போன தெரு. சொந்த ஊருக்கு ஒருவரையும் அனுப்புவதில்லை என்பதுதான் வழக்கம். இது எப்படி நேர்ந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் இந்த நியமனங்கள் எல்லாம் மேலேயிருந்து வருபவை என்று நம்புகிறவர்கள் ஆதலால், பிழை போலக் கிடக்கிறது, திருத்துங்கள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

மிஷன் தலைவர் மட்டும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “உன் வீடு கடலுக்கு அப்பால் இருப்பதாக நினைத்துக்கொள்.”

வீடு கடலுக்கு அப்பால் இல்லை. ஹுஸைனின் இறைச்சிக் கடைக்கு எதிரே, ஆறாம் மாடியில் இருந்தது.

விதிகள் பல. சொந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ரீவி, பத்திரிகை, செய்தி ஒன்றும் கூடாது. கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம். வீட்டுக்குத் தொலைபேசியில் கதைக்க ஆண்டில் இரண்டே நாட்கள்: மே மாதத்தில் அன்னையர் தினமும் டிசம்பரில் நத்தாரும். எல்லாவற்றுக்கும் மேலானது துணை. துணைவன் எப்போதும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய தூரத்தில் இருக்கவேண்டும். குளியலறை ஒன்றுக்குத்தான் விலக்கு.

ஜனார்த்தனுக்குப் பயிற்சி கொடுக்க வாய்த்த துணைவன் ஹன்சன். ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் பிள்ளை, நிலைக்குத் தலை இடிக்கிற உயரம். ஊழியக்காரர் எல்லோருக்கும் ‘எல்டர்’ என்று பட்டம். மீசை அரும்பாத இருவரும் காலை விடியுமுன் எழுந்து, “குட்மோர்னிங் எல்டர்”, “குட்மோர்னிங் எல்டர்” என்று ஓய்வூதியக்காரரைப் போல மரியாதை செய்துகொண்டு, தண்டால் எடுப்பார்கள். ஜனார்த்தனின் குடும்பப் பெயராகிவிட்ட விநாயகமூர்த்தி, நெஞ்சுப் பட்டியில் கடைசி எழுத்துவரை நெருக்கி அடிக்கப்பட்டிருந்தது. வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஹன்சன் அவனை “எல்டர் வி” என்று கூப்பிட்டான். ஹன்சன் குளிக்கும்போது உள்ளே பாடுவான். தான் இன்னும் காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதைத் துணைவனுக்குத் தெரிவிக்கவேண்டுமாம். அப்படி விதி ஒன்றும் இல்லை. விதிகளுக்கு அவன் கொடுக்கிற மேலதிக உரம் அது.

கதவு தட்டப் போனால் கதை வேறு மாதிரி.

“அட, நீ கமலாக்காவின்ரை பொடியனல்லோ? என்னடா உது, செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி?”

“வணக்கம் அன்ரி. நாங்கள் இயேசு கிறிஸ்துவின்...”

“உன்ரை கொம்மா சரியா மெலிஞ்சு போனா. தெரியுமோ?”

“நாங்கள் கொண்டு வந்த செய்தி...”

“போய் முதல் அவவைப் பார். பிறகு வந்து எனக்குச் செய்தி சொல்லு.”

பின்னேரங்களில் அவர்கள் கடைத்தெருவைக் கடக்கும்போது கமலாம்பிகை பல்கனியில் நிற்பார். ஜனார்த்தன் நிலத்தைப் பார்த்து நடப்பான். அவர் வானத்தைப் பார்ப்பார். மகன் விதிக்குக் கட்டுப்பட்டவன், தாய் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். ஹன்சனைக் கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டுவான். கமலாம்பிகையும் ஹன்சனுக்குக் கையை ஆட்டுவார். இப்படியே ஒரு மாதம் போனது. ஜனார்த்தன் ஓரக்கண்ணால் பார்ப்பான். அம்மாவின் கை தனக்குப் பக்கத்தில் நிற்பவனுக்காக ஆடுவதைப் பார்க்கும்போது நெஞ்சுக்குள் ஏற்படுவதற்கு அவனிடம் பெயர் இருக்கவில்லை.

ஒருநாள் அவர்கள் ஹுஸைனின் கடையில் நின்றபோது கமலாம்பிகை உள்ளே வந்தார். ஹுஸைன் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருக்காரர். முஸ்லிம் என்பதற்காக அங்கிருந்து ஒரு பையோடு துரத்தப்பட்டு, புத்தளத்தில் முகாமிலிருந்து, கடைசியில் இங்கே வந்து கடை போட்டவர். சபை விதிப்படி தேநீர் குடிக்காத இந்த இருவரையும் பார்த்து அவருக்கு அடங்காத வியப்பு. “பண்டி தின்னாம இருக்கலாம், எனக்கு விளங்குது. தேத்தண்ணி குடிக்காம எப்பிடியடா?” என்று அன்றும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கமலாம்பிகை ஹன்சனை மேலும் கீழும் பார்த்தார். “ஹுஸைன் அண்ணை, உவரைக் கேளுங்கோ, இடியப்பம் சாப்பிடுவாரோ எண்டு.”

“உங்கட மகன் பக்கத்தில நிக்கிறான் தங்கச்சி. அவன் கேட்டுச் சொல்லுவான்தானே.”

“எனக்கு இதிலை ஒராளைத்தான் தெரியுது.”

ஹன்சன் அன்று முழுக்க யோசித்தான். சாப்பாட்டுக்கு அழைத்தால் போகலாம். பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் வயது வந்த ஆண் ஒருவர் உடன் இருக்கவேண்டும். எல்டர் வி அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டவும் வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வாய்க்கால் வெட்டுகிறவன் போல அவன் அதைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டு போனான். “கதவு திறந்திருக்கும். நீ வெளியே. நான் உள்ளே. மிஸ்டர் ஹுஸைன் சோபாவில்” என்றான் ஆங்கிலத்தில், முகமெல்லாம் வெளிச்சமாக.

அப்படித்தான் கதிரை வாசலுக்கு வந்தது. சாப்பாட்டு மேசைக் கதிரை. தங்கை நிலக்சி அதைத் தூக்கிவந்து கொரிடோரில் வைத்துவிட்டு, “அண்ணா, திஸ் இஸ் சோ வியர்ட்” என்றாள். ஹுஸைன் கடையை வேலைக்காரப் பொடியனிடம் விட்டுவிட்டு வந்து சோபாவில் ‘வயது வந்த ஆணாக’ உட்கார்ந்தார். ஹன்சன் மேசையில். ஜனார்த்தன் தான் வளர்ந்த வீட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டுச் சப்பாத்துகளுக்கு நடுவில்.

“பிள்ளை, கதிரைக்கும் ஒரு பிளேட் குடு” என்றார் கமலாம்பிகை உள்ளேயிருந்து.

பிறகு ஹன்சனுக்கு எதிரே இருந்து தமிழில் கதைக்கத் தொடங்கினார். ஹன்சனுக்கு ஜனார்த்தன் கற்றுக்கொடுத்த தமிழில் நன்றாக வந்தது ‘ஓம்’ ஒன்றுதான்.

“தம்பி, உங்கட அம்மா உங்களை நினைச்சு என்ன பாடுபடுறாவோ?”

“ஓம்.”

“புருசன் போன பிறகு ரெண்டு பிள்ளையளை வைச்சுக்கொண்டு, பக்டரியில ரெண்டு ஷிப்ட் செய்து வளக்கிறது எப்பிடியெண்டு தெரியுமோ?”

“ஓம்.”

“பாருங்கோ, ஐடஹோவிலை இருந்து வந்த உங்களுக்குத் தெரியுது. தெரிய வேண்டியவைக்குத் தெரியேல்லை.”

“ஓம், அன்ரி.”

வெளியே ஜனார்த்தன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டு அருள்நாயகம் குப்பைப் பையோடு வந்து அவனைக் கண்டு நின்றார். “என்ன தம்பி, கலைச்சுப்போட்டாவோ?”

“இல்லை அங்கிள். ரூல்.”

“ஆற்றை ரூல்?”

அவன் யோசித்தான். “ரெண்டு பேற்றையும்.”

கிழமைக்கு ஒருநாள் என்று இது வழக்கமாயிற்று. இதில் இன்னொன்றும் சேர்ந்தது. ஸ்காபரோவின் தமிழ் வீடு ஒவ்வொன்றிலும் அந்த மாதங்களில் ரீவி அணைக்கப்படவில்லை. கமலாம்பிகையின் தங்கை சந்திரவதனா போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தார். கடற்கரையோரம் இருப்பதாகக் கடைசியாகத் தகவல். சந்திராவிடமிருந்து அழைப்பு வந்தாலும் வரும் என்று கமலாம்பிகை வீட்டுத் தொலைபேசியை யாரையும் தொடவிடவில்லை. சமைக்கும்போதும் வயரை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ரீவி சுவரோரமாக இருந்தது. கதிரையிலிருந்து பார்த்தால் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஹன்சனுக்குப் படம் தெரிந்தது, மொழி விளங்கவில்லை. ஜனார்த்தனுக்கு மொழி விளங்கியது, படம் தெரியவில்லை. செய்தி பார்ப்பது கூடாது என்ற விதியை ஹன்சன் இப்படித் தீர்த்தான்: அரைவாசி பார்ப்பது பார்ப்பதாகாது. திரும்பி நடக்கும்போது வழியில் ஹன்சன் மெதுவாகச் சொல்வான்.

“மணல் தெரிந்தது. கூடாரங்கள். நிறையப் பேர்.”

“எவ்வளவு பேர் என்று சொன்னார்கள்” என்பான் ஜனார்த்தன்.

“ஒரு பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினாள்.”

“அவள் யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது.”

இருவரும் சேர்ந்து ஒரு செய்தியைப் பார்த்து முடிக்க, அறைக்குப் போகும் தூரம் சரியாக இருக்கும். அதன்பிறகு முழங்காலில் நின்று சந்திரவதனாவுக்காக ஜெபிப்பார்கள். ஹன்சன் அவரைச் ‘சண்ட்ரா அன்ரி’ என்று கடவுளிடம் சொன்னான். அந்தப் பெயரில் கடவுளுக்கு ஆளை அடையாளம் தெரியுமா என்று ஜனார்த்தன் கவலைப்பட்டான். தன் முறையில் முழுப்பெயரையும், கிராமத்தையும் சேர்த்துச் சொன்னான்.

மே தொடக்கத்தில் விசா வந்தது. பத்தாம் திகதி அன்னையர் தினம். அதிலிருந்து ஒரு கிழமைக்குள் விமானம். அதன்பிறகு அம்மாவோடு கதைக்க அனுமதி நத்தாருக்குத்தான். கதிரையும் இந்தியாவுக்கு வராது.

அதற்கு முந்திய கிழமைச் சாப்பாட்டின்போது நிலக்சி, அண்ணனின் மின்னஞ்சலில் படித்த இதைச் சொன்னாள். கமலாம்பிகை ஹன்சனின் பிளேட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். “தம்பி, அண்டைக்கு ஃபோன் வந்தா நான் எடுப்பன். ஆர் எண்டு தெரிஞ்சாலும் எடுப்பன்.”

“ஓம்” என்றான் ஹன்சன். வெளியே கதிரை கிறீச்சிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்னேரம் ஹுஸைனின் கடைப் பின்னறையில் மிஷன் கைத்தொலைபேசியோடு அவர்கள் இருந்தார்கள். ஜனார்த்தன் தலையை ஈரம் தொட்டுச் சீவியிருந்தான், கண்ணால் பார்க்கப் போகிறவன் போல. எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினான். நிலக்சியின் கைத்தொலைபேசி அணைந்து கிடந்தது. தொலைபேசியை அடுப்படிவரை இழுத்துத் திரிகிற பெண், சொன்ன நாளில் எடுக்கவில்லை.

“கோபம் திரும்பி வந்திருக்கும்” என்றான் ஜனார்த்தன்.

முன்னால் ஹுஸைன் கத்தினார். “டேய், இங்க வாங்கோ! ரூலும் மண்ணும். வந்து பாருங்கோ!”

கடை ரீவியில் நகரத்தின் பெரிய நெடுஞ்சாலை தெரிந்தது. அதில் ஒரு கார்கூட ஓடவில்லை. முழுக்கச் சனம். தாய்மார், பிள்ளை வண்டிகள், கொடிகள். போரை நிறுத்தக் கேட்டு, ஏறுபாதையால் நடந்துபோய் அப்படியே றோட்டில் இருந்துவிட்டார்களாம். முன்வரிசையில் குளிர் ஜக்கெட்டுக்கு மேலே சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு கமலாம்பிகை இருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல.

“தாய்மாருக்கெண்டு ஒரு நாளாம்” என்றார் ஹுஸைன். “கொம்மா கொண்டாடுற விதத்தைப் பார்.”

ஹன்சன் ரையைச் சரிசெய்தான். பயிற்சி எடுப்பவன் அன்னையர் தினத்தில் தாயோடு கதைப்பதற்குப் பயிற்சி கொடுப்பவன் பொறுப்பு என்றான். அது எந்த விதியிலும் இல்லை என்று ஜனார்த்தன் சொன்னான். “இருக்கவேண்டும்” என்றான் ஹன்சன்.

ஹுஸைனின் இறைச்சி ஏற்றும் வானின் முன்னிருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். பின்னால் கொக்கிகள் கிணுகிணுத்தன. ஒரு மைலுக்கு முன்பே பாதை மூடியிருந்தது. வானை விட்டு நடந்தார்கள். ஏறுபாதையின் மேல்முனையில், சனம் தொடங்குகிற இடத்தில், ஹன்சன் நின்றான்.

“ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளக்கூடாது என்று விதி. நீ தமிழன். நீ உள்ளே போனால் கலந்துகொண்டாய் என்பார்கள். நான் போனால் வழிதவறினேன் என்பார்கள்.” ஹுஸைனின் கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கினான். “நீ இங்கே நில். கண்ணுக்குத் தெரிகிறாய். காதுக்கு...” தொலைபேசியைத் தூக்கிக் காட்டினான். “காதுக்கும் எட்டும்.”

சீமெந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜனார்த்தன் பார்த்தான். வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டியும் போட்ட நெட்டை வெள்ளைக்காரன் ஒருவன் சனத்துக்குள் இறங்கினதும் ஒரு சலசலப்பு எழுந்தது. “யூஎன் ஆள்! ஐநா!” என்று யாரோ சொன்னார். அடுத்தவர் அதை அடுத்தவருக்குச் சொன்னார். வழி விட்டார்கள். “கமலாம்பிகை அன்ரி!” என்று ஹன்சன் கூப்பிட்டான். யூஎன்னுக்கு ஒரு கமலாம்பிகை வேண்டுமாம் என்று பெயர் வாய்க்குவாய் ஓடியது. அதற்கிடையில் ஆட்கள் அவனுடைய கையைப் பிடித்துத் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். என்ரை தம்பி, இராஜரட்ணம். என்ரை மகள், றோசலின், வயித்திலை பிள்ளை. என்ரை அம்மா. ஹன்சன் குனிந்து குனிந்து ஒவ்வொருவருக்கும் “ஓம்” என்றான். “ஓம். ஓம்.” ஜனார்த்தனுக்குச் சத்தம் கேட்கவில்லை. வாய் அசைவது தெரிந்தது.

பிறகு ஹன்சன் ஓரிடத்தில் சப்பணமிட்டு இருப்பதும், தொலைபேசியை நீட்டுவதும் தெரிந்தது. ஜனார்த்தன் மிஷன் தொலைபேசியில் ஹுஸைனின் எண்ணை அழுத்தினான். ஒருமுறைதான் அடித்தது.

“சந்திராவோ?” என்றது அம்மாவின் குரல்.

“இல்லை அம்மா. நான்.”

மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. அந்தச் சத்தம் வலது காதில் நேராகவும் இடது காதில் தொலைபேசி வழியாகவும் அவனுக்குக் கேட்டது.

“வீட்டிலை இருப்பமெண்டுதான் நினைச்சனான்” என்றார் அவர். “பிறகு எல்லாரும் வெளிக்கிட்டினம். அவளுக்கு நான் வேறை என்ன செய்யிறது?”

“ஓம் அம்மா.”

“நீ அவளுக்காகக் கும்பிடுறனியோ?”

“ஒவ்வொரு நாளும். நானும் ஹன்சனும்.”

“நானும் பிள்ளையாரைக் கேக்கிறன். ரெண்டு பேரிலை ஆரெண்டாலும் செய்யட்டும்.” பிறகு கேட்டார்: “எங்கை நிக்கிறாய்?”

“ஏறுற பாதையிலை. சுவருக்குப் பக்கத்திலை. எழும்பினால் தெரியும்.”

கூட்டத்தில் ஓர் உருவம் எழுந்து நின்றது. நெற்றிக்கு மேலே கையை வைத்துத் தேடியது. பிறகு அந்தக் கையை உயர்த்தி ஆட்டியது. ஹன்சன் அவருடைய காலடியில் றோட்டில் இருந்தான். ஆகவே அந்தக் கை ஹன்சனுக்கு அல்ல. ஜனார்த்தன் திரும்பி ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் யாருக்கென்று எட்டிப் பார்த்தார்.

“உவர் தன்ரை தாயோடை கதைச்சிட்டாரோ?” என்று அம்மா திடீரென்று கேட்டார்.

கதைக்கவில்லை. ஹன்சன் மறந்தேபோனான். கமலாம்பிகைக்கு அதைக் கேட்டதும் வந்த கோபத்துக்குப் பயந்து அவன் அந்த இடத்திலேயே ஐடஹோவுக்கு அழைத்தான். அழைத்ததும் அவர் தொலைபேசியைப் பறித்துக்கொண்டார். “ஹலோ, மிசிஸ் ஹன்சன்? யுவர் சன், குட் போய். டோன்ட் வொறி. ஹி இஸ் சிற்றிங் வித் மீ. ஒன் தி ஹைவே.” பின்னால் ஆயிரக்கணக்கானோர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐடஹோவில் அந்தத் தாய் என்ன நினைத்தார் என்று ஹன்சன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொருமுறையும் வேறு மாதிரிச் சொன்னான்.

அன்றைய செய்தியில், றோட்டில் குந்தியிருந்து கமலாம்பிகையின் டப்பாவிலிருந்து புட்டுச் சாப்பிடுகிற எல்டர் ஹன்சனை எல்லோரும் பார்த்தார்கள். மிஷன் தலைவர் செய்தி பார்க்கலாம். அவருக்கு விதி வேறு.

ஹன்சன் வடக்கே, தமிழர் யாரும் இல்லாத ஒரு சிறு ஊருக்கு மாற்றப்பட்டான். ஊழியம் முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பினான், நான்கு பிள்ளைகள், வீட்டில் கறித்தூள் வைத்திருக்கிறான். ஜனார்த்தன் அந்தக் கிழமை இந்தியாவுக்குப் போனான். போர் முடிந்தது என்பதை அங்கே ஒரு பஸ்ஸில், முன்னால் இருந்தவரின் பத்திரிகையில் பார்த்தான். இரண்டு ஆண்டுகளில் திரும்பிவந்து, சில காலம் சபைக்குப் போய், பிறகு நின்றுவிட்டான். இப்போது பஸ் ஓட்டுகிறான். ஹுஸைன் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டார். நிலக்சி பக்கத்து ஊரான ஏஜக்ஸில் மருந்தாளராக இருக்கிறாள். கமலாம்பிகை அவளோடு இருக்கிறார். மகனோடு தினமும் கதைக்கிறார். சந்திரவதனாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. அந்தப் பழைய தொலைபேசி எண்ணை அவர்கள் இன்னும் மாற்றவில்லை.